இடது பக்கம் கேட்கவில்லை

செப்டம்பர் 4, திங்கள்

புது நோட்டு. குதிரையேற்றப் பள்ளி அலுவலகத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ரிஜிஸ்டர் உண்டு. தீனி, லாடம், ஊசி எல்லாவற்றையும் குதிரைக்காரர் அங்கமுத்து அண்ணன் சொல்லச் சொல்ல கிளார்க் அதில் எழுதிவிடுவார். இது அதுவல்ல. சிறுவாணிக்கும் எனக்கும் நடுவில் நடப்பதை எழுத என் காசில் நான் வாங்கியது. வேறு யாராவது எடுத்துப் படித்தால் கையை ஒடிப்பேன்.

சிறுவாணிக்கு எட்டு வயது. ஊட்டி ரேஸில் மூன்று வருடம் ஓடவிட்டு, இது எதற்கும் ஆகாது என்று கழித்துவிட்ட பெண் குதிரை. வறுத்த காபிக்கொட்டை நிறம். வந்த அன்று எங்கள் போர் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்ததும் ஒரே மூச்சில் அரை வாளியைக் காலி செய்தாள். "சிறுவாணித் தண்ணிதான் வேணுமாம். கோயமுத்தூர்க்காரிதானுங்க இவ," என்று அங்கமுத்து அண்ணன் சிரித்தார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

பள்ளியின் தலைவி ரேணுகா அம்மா இன்று கூப்பிட்டுப் பேசினார். ஜனவரி கடைசியில் பெங்களூரில் டிரஸாஜ் அணிக்கான தேர்வு. "வாணி, டிசம்பர் முடியறதுக்குள்ள உன் கையெழுத்துல ஒரு ரிப்போர்ட் வேணும். அவ தேறுவான்னா நீயும் அவளும் போங்க. தேறமாட்டான்னா வெச்சுக்க முடியாது. லாயத்துல இருக்கிறதே ஆறு இடம்."

தேறுவாள். நான் தேற்றுவேன். எனக்கு நாற்பத்து மூன்று வயதாகிறது. இரண்டு முறை அந்தத் தேர்வில் நான்காவதாக வந்திருக்கிறேன். மூன்று பேரைத்தான் எடுப்பார்கள். போன பிப்ரவரியில் குதிரையிலிருந்து விழுந்து முதுகை வேலிக்கட்டையில் இடித்துக்கொண்டேன், மூன்று வாரம் படுத்தேன், எழுந்து வந்துவிட்டேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 11, திங்கள்

நாத்தனார் போன் செய்தாள். "டிரஸாஜ்னா குதிரைக்கு என்ன டிரஸ் போடுவீங்க அண்ணி?" பட்டுப்பாவாடை என்றேன். நம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

இதில் ஓட்டமும் இல்லை, தாண்டுவதும் இல்லை. அறுபது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலத்தில் ஒரு மணல் களம். ஓரத்தில் எழுத்துப் பலகைகள். இந்த எழுத்திலிருந்து அந்த எழுத்துக்கு நட, இங்கே நில், அங்கிருந்து பக்கவாட்டில் போ. அவ்வளவுதான். ஆனால் ஏறியிருப்பவள் சொல்வது பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரியக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கிறாள், குதிரை தானாக ஆடுகிறது என்று தோன்ற வேண்டும்.

எங்கள் பேச்சில் இதற்குக் 'கேட்பது' என்று பெயர். முதலில் முதுகால் கேட்க வேண்டும், பிறகு காலால், கடைசியில்தான் கடிவாளத்தால். இடது காலால் விலாவில் மெல்ல அழுத்திக் கேட்டால் வலப்புறம் ஒதுங்கும். வலது காலால் கேட்டால் இடப்புறம். ஒதுங்கினால் குதிரை கேட்கிறது என்போம்.

செப்டம்பர் 28, வியாழன்

இன்று களத்தின் நட்டநடுவில் அவளை நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டுதான் இருந்தேன், நின்றுவிட்டாள். நான்கு காலும் ஒரே சதுரத்தில்! இருபது வருடமாகக் குதிரை ஏறுகிறேன். இப்படி ஒருத்தி எனக்கு வாய்த்ததில்லை. வேலி ஓரமாக நின்ற பெனிட்டா கைதட்டினாள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெண் அவள், இருபத்தாறு வயது, குதிரை மேல் நன்றாக உட்காருவாள். "அக்கா, நான் ஒருக்கா ஏறிப் பாக்கட்டுமா?" என்றாள்.

கூடாது. தேர்வுக்குப் போகிற குதிரைக்கு ஒரே கைதான். அது எங்கள் பள்ளியின் சட்டம், நான் போட்ட சட்டம்.

வலது பக்கம் பூப்போலக் கேட்கிறாள். இடது பக்கம் கொஞ்சம் மந்தம்.

அக்டோபர் 9, திங்கள்

இடது பக்கம் கேட்கவில்லை.

வரும் வழியில் பைக்கும் மக்கர். கியர் விழமாட்டேன் என்கிறது. மெக்கானிக்கிடம் விட்டேன். "வண்டில ஒண்ணுமில்லீங்க்கா, நீங்க சரியா மிதிக்கறதில்ல" என்கிறான். வேலை தெரியாதவன் எல்லாம் கடை போட்டால் இப்படித்தான்.

அக்டோபர் 10, செவ்வாய்

இடது பக்கம் கேட்கவில்லை.

அக்டோபர் 23, திங்கள், ஆயுத பூஜை

சேணம், கடிவாளம், அங்கவடி, லாடம் அடிக்கும் சுத்தியல், சாட்டை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து வரிசையாகப் படைத்தோம். சிறுவாணிக்கு நெற்றியில் பொட்டு. பொரிகடலைத் தட்டைக் கண்டதும் பூஜை முடியும்வரை பொறுக்காமல் மூக்கை நீட்டிவிட்டாள். "நைவேத்தியம் சாமிக்கு முன்னாடி உனக்கா?" என்று அங்கமுத்து அண்ணன் அவள் காதைத் திருகினார். இன்று ஏறவில்லை. நல்ல நாள்.

நவம்பர் 3, வெள்ளி

கால்நடை டாக்டர் வந்து பல், தோள், முதுகு, குளம்பு எல்லாம் பார்த்தார். இடது விலாவைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லையாம். "பிடிவாதமா இருக்கும் மேடம்" என்றார். அதையேதான் நானும் சொல்கிறேன். பிடிவாதம்தான். ரேஸில் கெட்ட பழக்கம் பழகிவந்த கழுதை.

நவம்பர் 20, திங்கள்

அங்கமுத்து அண்ணன் சிறுவாணிக்குத் தேய்த்துவிட்டுக்கொண்டே, "அம்மிணி, இதக் கொஞ்சம் வந்து பாருங்க" என்றார். வலது விலாவில் என் பூட்ஸ் உரசுகிற இடத்தில் மயிர் தேய்ந்திருக்கிறது. "அந்தப் பக்கம் பாருங்க, பளபளன்னு அப்படியே இருக்குது. உங்க காலு அங்க படறதே இல்லாத மாதிரிங்க."

"அந்தப் பக்கம் தோல் தடிச்சுப்போச்சுங்கண்ணா. அதான் கேக்க மாட்டேங்கறா" என்றேன்.

அவர் தேய்ப்பதைத் தொடர்ந்தார். அவருக்கு ஏதாவது பிடிக்காவிட்டால் பேசமாட்டார். பேசாமல் இருக்கட்டும்.

டிசம்பர் 5, செவ்வாய்

இன்று ஒரு கூத்து. வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றப் போனால் வலது செருப்பு மட்டும்தான் இருக்கிறது. இடது காலில் இல்லை. லாயத்து வாசலில் கிடந்ததாம், பெனிட்டா எடுத்து வைத்திருக்கிறாள். வார் தளர்ந்திருக்கும். இவர் லேத் பட்டறையிலிருந்து வந்ததும் சொல்லிச் சிரித்தேன். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. "கல்லு முள்ளு குத்தலியா வாணி?" என்று கேட்டார். குத்தியிருந்தால் தெரியாதா!

இடது பக்கம் கேட்கவில்லை.

டிசம்பர் 14, வியாழன்

முதுகு வலிக்கு உப்புப் போட்ட வெந்நீரில் கால் வைத்து உட்கார்ந்தேன். சூடு அதிகம். வலது காலை வெடுக்கென்று எடுத்துவிட்டேன். சோறு போட்டுக்கொண்டு வந்த இவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பதறினார். "ஏய், அந்தக் காலையும் எடு! ஏன் அப்படியே வெச்சிருக்கே?"

இடது கால் சூடு தாங்குகிறது. இடது காலை அங்கவடியில் வைத்துத்தான் குதிரை ஏறுகிறோம், உரம் ஏறியிருக்கும் என்றேன். டாக்டரிடம் போகலாம் என்று பிடிவாதம் பிடிக்கிறார். எந்த டாக்டரும் முதலில் சொல்வது குதிரை ஏறாதே என்பதுதான், அது எனக்குத் தெரியாதா? ஜனவரி முடியட்டும்.

காலில் கொப்புளம் வந்திருக்கிறது. மஞ்சள் வைத்தேன். எரிச்சலே இல்லை.

டிசம்பர் 20, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

தேர்வில் வருகிற பக்கவாட்டு நடையை இன்று இடது காலால் பதினோரு முறை கேட்டேன். ஒரு முறைகூட ஒதுங்கவில்லை. நேராகவே நடக்கிறாள், காதுகளை மட்டும் பின்னால் திருப்பித் திருப்பி என்னவோ தேடுகிறாள். அதுதான் எனக்கு வெறியைக் கிளப்பியது. கேட்கிற மாதிரி நடிக்கிறாள் என்று தோன்றியது. சாட்டையை இடது கைக்கு மாற்றி இடது விலாவில் போட்டேன். பாய்ந்து ஒதுங்கினாள். மறுபடி கேட்டேன், நேராக நடந்தாள், மறுபடி போட்டேன். எத்தனை என்று எண்ணவில்லை.

அங்கமுத்து அண்ணன் மணலுக்குள் ஓடிவந்து கடிவாளத்தைப் பிடித்தார். "போதும் அம்மிணி. வாயில்லாச் சீவனுங்க."

"கேட்டா நான் ஏன் அடிக்கிறேன்?" என்று கத்தினேன். பெனிட்டாவின் பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் 21, வியாழன்

வரி வரியாகத் தடித்திருக்கிறது. வேப்பெண்ணெய் போட்டார்கள். நான் லாயத்துக்குள் போகவில்லை.

டிசம்பர் 30, சனி

ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன். நான்கு வரி. 'சிறுவாணி, பெண் குதிரை, எட்டு வயது. நடை, நிறுத்தம், வலது பக்கம் திருப்தி. இடது பக்கம் கேட்கவில்லை. டிரஸாஜ் பயிற்சிக்குத் தகுதி இல்லை.' கீழே கோகிலவாணி பூபதி என்று கையெழுத்து.

ரேணுகா அம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நிச்சயமா வாணி?" நிச்சயம் என்றேன். புனேயிலிருந்து நன்றாகப் பழகிய ஆண் குதிரை ஒன்று ஒரு மாதம் ஏறிப் பார்க்க வருகிறதாம். எனக்காகத்தான். தேர்வுக்கு அவனோடு போகலாம். பெருந்துறையில் கல்யாணத்துக்குச் சாரட்டு வண்டி விடுகிற லியாகத் பாய் சிறுவாணியை எடுத்துக்கொள்வார்.

ஒரு வேலை முடிந்தது. இதில் அழ என்ன இருக்கிறது? அழுதேன்.

ஜனவரி 3, புதன்

டெம்போவில் ஏற்றினார்கள். வண்டியில் ஏற அடம்பிடிக்கும் குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். இவள் அங்கமுத்து அண்ணன் சொன்னதும் ஏறிவிட்டாள். பெனிட்டா அழுதுகொண்டே உள்ளே போனாள், என்னிடம் பேசவில்லை.

ஜனவரி 6, சனி

புதுக் குதிரை. பெயர் கேப்டன். பத்து வயது, பரிசு வாங்கியவன், மூன்று மாநிலங்களில் ஓட்டியிருக்கிறார்கள். ஏறி உட்கார்ந்ததுமே தெரிந்தது, படித்தவன்.

வலது பக்கம் அருமை.

இடது பக்கம் கேட்கவில்லை.

லாரியில் இரண்டு நாள் வந்த களைப்பாக இருக்கும்.

ஜனவரி 8, திங்கள்

கேப்டன் இன்றும் இடது காலுக்கு ஒதுங்கவில்லை. ரேணுகா அம்மா வேலி ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். நான் இறங்கியதும், "பெனிட்டா, நீ ஏறு" என்றார். ஒரே கை என்கிற சட்டத்தை நான் நினைவுபடுத்தினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பெனிட்டாவுக்குச் சைகை காட்டினார்.

பெனிட்டா ஏறினாள். முதல் முறை இடது காலால் கேட்டாள். கேப்டன் காலைக் காலின் மேல் குறுக்கே வைத்து, களத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு வெண்ணெயில் கத்தி போவதுபோல் போனான்.

அவனுக்கு அவளைப் பிடித்துவிட்டது போல. சில குதிரைகள் அப்படித்தான்.

ஜனவரி 9, செவ்வாய்

சிறுவாணிக்கு ஊசி போட்ட புத்தகம் இங்கேயே தங்கிவிட்டது, வேண்டும் என்று லியாகத் பாய் போன் செய்தார். அங்கமுத்து அண்ணன் லீவு. நான் பஸ்ஸில் பெருந்துறை போனேன்.

பாய் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. இரண்டு சாரட்டு வண்டிகள் வெள்ளித் தகடும் சிவப்பு மெத்தையுமாகப் போர்வை போர்த்தி நிற்கின்றன. சிறுவாணி ஓரத்தில் சோளத்தட்டை தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தின்பதை நிறுத்தினாள்.

"வாங்கம்மா, வாங்க. டீ சாப்பிடுங்க. மார்கழில எந்த மாப்பிள்ளைம்மா சாரட்டு கேப்பான்? அதனால சும்மாத்தான் நிக்கறா. பொங்கல் கழிஞ்சு பூட்டிருவேன். தையில மூணு முகூர்த்தம் வந்திருக்குது."

"பூட்டினா அப்புறம் ஆள் ஏற முடியாதா பாய்?"

"ஏறலாம். ஆனா கெட்டி மேள சத்தத்துல நடக்கப் பழகணும், பின்னாடி பாரம் இழுக்கப் பழகணும். அப்புறம் உங்க மாதிரி மெல்லமாச் சொல்றதெல்லாம் அதுக்குக் காதுல ஏறாதும்மா."

எனக்கு ஏதோ போல் இருந்தது. நல்ல மனுஷன், ஏமாறக் கூடாது என்று, "இடது பக்கம் பார்த்து நடத்துங்க பாய். அந்தப் பக்கம் அவ கேக்க மாட்டா" என்றேன்.

"எந்தப் பக்கம்? இந்தப் பக்கமா?" பாய் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து போய், அவள் இடது விலாவில் இரண்டு விரலை வைத்தார். அழுத்தக்கூட இல்லை. சிறுவாணி முன்னங்காலைக் குறுக்கே வைத்து ஒதுங்கினாள். விரலை எடுத்தார், நின்றாள். மறுபடி வைத்தார், மறுபடி ஒதுங்கினாள். டம்ளரில் டீ தளும்பவில்லை.

"யாரும்மா கேக்க மாட்டான்னு சொன்னது? தங்கம்மா இது. நீங்க கேட்டுப் பாத்தீங்களா?"

பிறகு விலாவைக் குனிந்து பார்த்தார். "இதென்ன இந்தப் பக்கம் கோடு கோடா? வேலி கீறிருச்சா?"

"ஆமாங்க பாய், வேலி" என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் இந்த நோட்டை எடுத்து ஆரம்பத்திலிருந்து படித்தேன். இடது பக்கம் கேட்கவில்லை. இடது பக்கம் கேட்கவில்லை. நான்கு மாதமாக இதையே எழுதியிருக்கிறேன். இந்தப் பாழாய்ப்போன சொல்லில் ஆளே இல்லை. அவள் கேட்கவில்லை என்றாலும் அதே சொல், நான் கேட்கவில்லை என்றாலும் அதே சொல். யார் என்று நான் எழுதவே இல்லை, அவள்தான் என்று நினைத்துக்கொண்டே எழுதியிருக்கிறேன். இடது தொடையில் நகத்தால் கிள்ளினேன். முழங்காலுக்குக் கீழே கிள்ளினேன். பக்கத்து சீட்டு அம்மாள் பயந்து எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். முழங்காலுக்குக் கீழே யாரையோ கிள்ளுவது போல இருந்தது.

காதைத் திருப்பித் திருப்பி அன்று அவள் தேடியது என் காலைத்தான். நான் கேட்கப் போகிறேன் என்று தெரிந்து, எங்கே எங்கே என்று தேடியிருக்கிறாள். அதற்குத்தான் அடித்தேன்.

ஜனவரி 10, புதன்

இவரிடம் நானே சொன்னேன், டாக்டரிடம் போகலாம் என்று. ஒரு கேள்வி கேட்கவில்லை, பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தார்.

ஸ்கேன். முதுகுத்தண்டில் டிஸ்க் பிதுங்கி இடது காலுக்குப் போகிற நரம்பை நசுக்கிக்கொண்டிருக்கிறதாம். போன பிப்ரவரியில் தொடங்கியிருக்கும் என்றார் டாக்டர். எத்தனை நாளாக உணர்ச்சி குறைவு என்று கேட்டார். "தெரியாதுங்க" என்று வாய் வரை வந்தது. "செப்டம்பரிலிருந்துங்க டாக்டர்" என்றேன். இவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

பதினெட்டாம் தேதி ஆபரேஷன். இன்னும் தள்ளினால் பாதம் நிரந்தரமாகத் தொங்கிவிடும். நடப்பது திரும்பலாம், உணர்ச்சி முழுசாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது.

"குதிரை?" என்றேன்.

"எதுக்குங்க குதிரை? மறந்துருங்க" என்றார், மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டே.

பட்டறையில் இவர் ஒரு குழாயை அறுத்து, கீழே ரப்பர் புஷ் போட்டு, மேலே கைப்பிடி வளைத்து ஊன்றுகோல் செய்து கொண்டுவந்தார். கடையில் வாங்கியிருக்கலாமே என்றேன். "உன்ற உயரத்துக்குக் கடைல இருக்காது" என்றார்.

ஜனவரி 11, வியாழன்

காலையில் ரேணுகா அம்மா அறைக்குப் போனேன். போகிற வழியெல்லாம் ஒரு எண்ணம். அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு? நான் வாயைத் திறக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆபரேஷன் முடிந்து ஆறு மாதத்தில் மறுபடி ஏறிப் பார்க்கலாம். கேப்டன் இருப்பான். சிறுவாணி தகுதி இல்லை என்று காகிதம் இருக்கிறது, நான் இருபது வருட அனுபவக்காரி, யார் மறுத்துச் சொல்வார்கள்? கதவைத் தள்ளும்வரை இந்த எண்ணம் போகவில்லை.

"அந்த ரிப்போர்ட்டக் குடுங்கம்மா. தப்பா எழுதிட்டேன்."

பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது வாக்கியத்துக்கு முன்னால் 'நான்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். நான் இடது பக்கம் கேட்கவில்லை. கடைசி வரியில் 'தகுதி இல்லை' என்பதில் 'இல்லை'யை அடித்து 'உண்டு' என்று எழுதினேன். பக்கத்தில் இன்றைய தேதி, கையெழுத்து.

அவர் படித்தார். என் கையிலிருந்த ஊன்றுகோலைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இத ஏத்துக்கிட்டா உன்னை நான் இனிமே குதிரை மேல ஏத்த முடியாது வாணி. தெரியுமில்ல?"

"தெரியுங்கம்மா. பெனிட்டா ஏறட்டும். நான் கீழ நின்னு சொல்லித் தரேன், நிக்க முடியற வரைக்கும். கேப்டன அனுப்பிருங்க, அவன் எனக்காக வந்தவன். பொங்கலுக்கு முன்னாடி சிறுவாணியக் கூட்டி வரணும்."

"லியாகத் பாய் விடணுமே?"

அங்கேயே பாய்க்குப் போன் போட்டேன். முதலில் ஊசிப் புத்தகம் பற்றி ஏதோ பேசினேன். பிறகு, "பாய், அது வேலி இல்லீங்க. நான் அடிச்சது" என்றேன்.

அந்தப் பக்கம் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அன்னிக்கே தெரியும்மா," என்றார். "வேலி இப்படி வரிசையாக் கீறாது. வந்து கூட்டிட்டுப் போங்க. முகூர்த்தத்துக்கு நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்."

ஜனவரி 13, சனி

பதினொரு மணிக்கு டெம்போ வந்தது. அங்கமுத்து அண்ணன் கூடவே போய்க் கூட்டிவந்தார். கீழே இறங்கியதும் சிறுவாணி ஒரு கனைப்பு கனைத்தாள், லாயம் முழுக்கப் பதில் கனைப்பு. பெனிட்டா கழுத்தைக் கட்டிக்கொண்டாள். போன வாரம் முழுக்க முகம் கொடுக்காத பெண் என்னைப் பார்த்து, "தேங்க்ஸ்க்கா" என்றாள். எனக்கு எதற்கு நன்றி என்று புரியாமல் நின்றேன்.

பதினேழாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். பெனிட்டாவுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்ல மூன்று நாள்தான் இருக்கிறது, நடுவில் பொங்கல். தேர்வு இருபத்தேழாம் தேதி. அன்றைக்கு நான் படுக்கையில் இருப்பேன். பெனிட்டா ஏறுவதைக் கீழே நின்று பார்த்தேன். இடது காலால் அவள் கேட்டாள், சிறுவாணி ஒதுங்கினாள். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை, ஒரு தப்பில்லாமல். இத்தனை அழகாக அவள் நடந்து நான் பார்த்ததே இல்லை. நான் மேலே இருந்தவரை பார்க்க முடியாதே. வயிறு எரிந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். வயிறு எரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் ஒரு கட்டு குதிரைமசால் தீவனம் எடுத்துக்கொண்டு அவள் இருந்த தடுப்புக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. குதிரையிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, போனால் வரும் என்று போனேன். அவள் இடது பக்கம் எனக்கு நேராக இருந்தது. தடிப்பு எல்லாம் ஆறி, கோடாக மயிர் மட்டும் வெளுத்திருக்கிறது.

இரண்டு அடி எடுத்து வைத்திருப்பேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த ஊன்றுகோலைப் பார்த்தாள். முன்னங்காலைக் குறுக்கே வைத்தாள், பின்னங்காலை வைத்தாள், ஒதுங்கினாள். இன்னும் ஒரு அடி வைத்தேன், இன்னும் ஒதுங்கினாள். கழுத்து நேராக, முதுகு வளையாமல், தலை தாழ்த்தி. நான்கு மாதம் நான் அவளிடம் கெஞ்சியும் கத்தியும் கிடைக்காத அதே நடை. எதிர்ச்சுவர் வரை போய் ஒட்டிக்கொண்டு நடுங்கினாள்.

"இல்ல சாமி, இல்ல, அடிக்க மாட்டேன்" என்று ஊன்றுகோலைக் கீழே போட்டேன். போட்டதும் இடது பாதம் மடங்கியது. தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டேன். கோல் இல்லாமல் அவளிடம் போக எனக்குக் கால் இல்லை, கோலோடு போனால் அவள் நிற்க மாட்டாள். குதிரைமசாலை நீட்டியபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. அவள் சுவரை விட்டு வரவில்லை.

அங்கமுத்து அண்ணன் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார். என்னைத் தூக்கி நிறுத்தினார். குதிரைமசாலை அவரிடம் கொடுத்தேன். அவர் உள்ளே போய் நீட்டியதும் சிறுவாணி சுவரிலிருந்து வந்து அவர் கையிலிருந்தே தின்ன ஆரம்பித்தாள். காலையிலிருந்து அவளுக்குத் தீனி வைக்கவில்லையாம். நல்ல பசி.